உள்ளே ஒரு ஆள், வெளியே நான்

வாசலில் நிற்கிற வேலைக்குக் கால் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். கோயிலில் செருப்புக்குக் காவல் இருப்பவர்கள், சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர்கள், ஆஸ்பத்திரி கேட்டில் "இப்ப விடமாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகிறவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர் உள்ளே கண்ட குறையை எல்லாம் நம்மிடம்தான் கொட்டுவார். நமக்கோ உட்காரக்கூட அனுமதி கிடையாது.

நான் நின்றது நுவரெலியாவில், படங்கள் மாட்டிய ஒரு பங்களாவின் வாசலில். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை, தான் வரைந்ததும் பிறரிடம் வாங்கியதுமாகச் சேர்த்து வைத்திருந்த படங்களை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஏரிக்குப் போகிற வழியில் இருந்த அவருடைய சின்னப் பங்களாவும் படங்களோடு சேர்ந்து ஊரில் அமைத்த ஒரு கமிட்டியின் கைக்கு வந்தது. நுழைந்ததும் ஒரு குறுகிய நடை, அதற்கப்பால் படங்கள் மாட்டிய ஒரே ஒரு பெரிய அறை, அவ்வளவுதான். வார நாளில் சீசனுக்கு வந்த கொழும்புக்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் இலவசம். எல்லாருக்கும் என்றால் தோட்டத்துச் சனத்துக்கும். அவர்கள் அந்த இடத்துக்குப் படபங்களா என்று பெயர் வைத்தார்கள்.

வார நாளைப் பார்த்துக்கொள்ள பண்டா என்ற சிங்களப் பெரியவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களோடு தமிழில் பேச ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். மற்ற நாட்களில் பூப்பாத்தி கொத்துவேன். ராகலைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், வெளியே வேலைக்குப் போனவன் என்று செக்ரோல் என்கிற ஆட்பதிவில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். பெயர் வெட்டியவனுக்கு லயத்து வரிசை வீடுகளில் காம்பரா என்கிற ஒற்றை அறைகூடக் கிடையாது. எனக்கென்று மிஞ்சியது படபங்களாவின் பின்பக்கம், மண்வெட்டிகளோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறைதான்.

ஐயா போட்ட சட்டம்

கமிட்டியில் துரைமாரும் துரைசாணிமாரும் இருந்தார்கள். ஓடியாடி வேலை பார்த்தவர் செக்ரட்டரி ஐயா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கூட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. அதில் நியாயமும் உண்டு. கச்சேரியில் நாள் முழுக்க அவர் மேசையைச் சுற்றி மனுக்காரர்கள் நிற்பார்கள். வீட்டுக்குப் போனால் குளிரை அனுபவிக்க ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். சீசன் நாளில் அவருடைய குவார்ட்டர்ஸ் விறாந்தையில்கூடப் பாய் விரித்திருக்கும் என்றும், ஐயா குளிக்கப் போகவே தன் முறைக்குக் காத்திருக்கிறார் என்றும் கச்சேரிப் பியூன் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிறு இலவசம் என்று கமிட்டி முடிவு செய்தபோது ஐயாவுக்கு அதில் இஷ்டமில்லை. தோட்டத்துச் சனம் லொறி லொறியாக வந்து இறங்கும், கண்ணாடியை உடைக்கும், சுவரில் வெற்றிலை துப்பும் என்று அவர் பயந்தார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. வேலைக்குப் புதியவன் என்பதால் அதைப் பூப்பாத்தியில்தான் கொத்தித் தீர்த்தேன். கடைசியில் அவரே ஒரு சட்டம் போட்டு, முதல் ஞாயிறு காலையில் என்னிடம் விரலை நீட்டிச் சொன்னார். "ஒராள் வெளியால வந்தாப் பிறகுதான் மற்ற ஆள் உள்ள போகவேணும். ரெண்டு பேர் சேர்ந்தாக் கதை துவங்கும், கதை துவங்கினாக் கை சும்மா இராது. ஒரு முறைப்பாடு வந்தாலும் ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டிப்போடுவன், விளங்கிச்சோ?"

நன்றாகவே விளங்கியது. ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டினால் நானும் வெளியே. அன்று முதல் வந்த ஒவ்வொருவரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு, எதையாவது செய்து தொலைக்காமல் வரவேண்டுமே என்று காதை உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன்.

துரைக்கு வழி

நடையில் நுழைந்ததும் நேர் எதிரே அந்தத் துரையின் படம். ஆள் உயரம். தொப்பி, கைத்தடி, முழங்கால் வரை காலுறை. ஒரு கால் முன்னால் இருக்கும், இதோ நம்மைப் பார்த்து நடந்து வரப்போகிறார் என்பதுபோல.

வந்த மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோ, தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுகிற வயசான கவ்வாத்துக்காரர் ஒருவர், உள்ளே போனவர் வரவே இல்லை. வெளியே நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தேன். மனிதர் அறைக்கே போகவில்லை. தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடையின் சுவரோரமாக ஒதுங்கி, குனிந்து நிற்கிறார். தோட்டத்து ரோட்டில் துரை வந்தால் நாங்கள் அப்படித்தான் நிற்போம். அவர் கடந்து போகும்வரை அசையக்கூடாது. இந்தத் துரை எங்கே கடந்து போவது?

"அண்ணே, அது வெறும் படம், நீங்க உள்ள போங்க" என்றேன். அவர் என்னைத்தான் விவரம் கெட்டவன் என்பதுபோலப் பார்த்தார். "படம்னு எனக்குந் தெரியுது தம்பி. அதுக்காக அவரு மூஞ்சிக்கு நேரா நடந்து போயிற முடியுமா?"

மலைக்குள்ளே மலை

நானுஓயாப் பக்கமிருந்து புதிதாகக் கல்யாணமான சோடி ஒன்று வந்தது. ஒவ்வொருவராகத்தான் போகலாம் என்றதும் மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாரோடும் குடித்தனம் தொடங்கியவனுக்கு, ஊர் விட்டு ஊர் வந்தும் பெண்டாட்டியோடு தனியாக நிற்க முடியாவிட்டால் கோபம் வராதா? எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் என் வேலை எனக்கு. பெண் முதலில் போனாள். மாப்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டான்.

"என்னா இருக்கு?"

"மலை!"

"என்னா மலை?"

"தேயில மலைதான்!"

"அப்புறம்?"

"இன்னொரு மலை!"

"அதுலயும் தேயிலையா?"

"ஆமாங்கிறேன்!"

அவன் என் பக்கம் திரும்பினான். "திங்கக்கெழமையில இருந்து சனிக்கெழமை வரைக்கும் அதுலதாங்க நிக்கிறோம். ஞாயித்துக்கெழமையும் அதையே பாக்கச் சொன்னா எப்படிங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டான், அந்தப் படங்களை நான்தான் வரைந்தேன் என்பதுபோல. அந்தப் பெண் நிதானமாக வெளியே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. புருஷன் இன்னும் பொரிந்துகொண்டிருந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள். "அது நம்ம மலை மாதிரி இல்ல. அதுல கங்காணியே இல்ல."

சும்மா நிற்பது

உள்ளே போன ஒரு பெண் வெளியே வந்தபோது, நல்ல நாளுக்குக் கட்டுகிற சேலையின் முந்தானை கறுப்பாகி இருந்தது. பதறிப்போய் ஓடிப் பார்த்தேன். அறையில் ஒன்றும் உடையவில்லை. படச்சட்டங்களில் இருந்த தூசு எல்லாம் போயிருந்தது. பண்டா பெரியவரின் விளக்குமாறு சுவரோரம் சாத்தி இருந்தது. தரை பளிச்சென்று இருந்தது. துரை வீட்டுச் சாமானைத் தொடலாமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஒரு ஆளும் இல்லாத வீட்டுல சும்மா நின்னு பாருங்கன்னா, கை என்னாங்க செய்யும்?"

மூச்சு

மீசை வைத்த கங்காணி ஒருவர் வந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவர் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து டிவிசன் வரைக்கும் கேட்கும் என்று வரிசையில் நின்ற அவருடைய ஆட்களே சொன்னார்கள். அவருக்கு முன்னால் நிற்க யாருக்கும் துணிச்சலில்லை. எல்லாரும் விலகி அவரை முதலில் அனுப்பினார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். முகம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். ஏதாவது பார்த்துப் பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஓரமாக என்னை இழுத்துப் போய், ஆட்களுக்குக் கேட்காமல், "தம்பி, நீயும் கூட வந்து நில்லேன்" என்றார். முடியாது, சட்டம் இப்படி என்றேன். கங்காணி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு மெல்லத்தான் புரிந்தது. லயத்தில் பிறந்தவனுக்குத் தனியாக இருப்பது எங்கே பழகும்? தூங்கும்போது இரண்டு பக்கமும் ஆள். தண்ணீர்ப் பீலியில் ஆள். மலையில் நிரைக்கு நிரை ஆள். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் நம் காம்பராவில் குழந்தை விழிக்கும். கங்காணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பொறந்ததுல இருந்து இப்படி இருந்ததில்ல தம்பி. உள்ள போயி நின்னா, என் மூச்சு எனக்கே கேக்குது."

யாருடைய ஊர்

தேயிலைக் கொழுந்து, பூ, குதிரை என்று இருந்த படங்களுக்கு நடுவில் ஒரு வெளிநாட்டுக் கிராமம் இருந்தது. கல்லால் கட்டிய ஒரு சின்னச் சர்ச், ஓடை, நாலைந்து செம்மறியாடு. அட்டன் பக்கம் பெக்டரியில் வேலை செய்த இளந்தாரி ஒருவன் வெளியே வந்து அது எந்த ஊர் என்று கேட்டான். அவன் பத்திரிகை படிக்கிறவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

அது துரை பிறந்த ஊர், இங்கே இருந்த காலமெல்லாம் மறக்கக்கூடாது என்று தானே வரைந்து மாட்டியிருந்தாராம் என்று பண்டா பெரியவர் எனக்குச் சொல்லியிருந்ததை அவனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பீடியைப் பற்றவைத்தான், பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன்போல அணைத்துவிட்டான். அந்த நாளில் எங்களுக்கு ஓட்டும் கிடையாது, நாங்கள் பிறந்த நாடும் பாட்டன் விட்டு வந்த நாடும் எங்களைத் தங்கள் ஆள் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவன் சொன்னான். "அவரு ஊரு எதுன்னு கேட்டா செவத்துல மாட்டிக் காட்டிப்புட்டாரு. நம்மள கேட்டா, இங்க உள்ளவங்க அங்கங்கிறாங்க, அங்க உள்ளவங்க இங்கங்கிறாங்க. நமக்கும் யாராச்சும் ஒரு படம் வரைஞ்சி வச்சிருந்தா தேவல."

நாற்காலி

இவ்வளவு பேர் உள்ளே போய் என்ன பார்த்தார்கள் என்று வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியும். அறையில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. ஓர் ஆள் வெளியே வந்ததும் நான் ஓடிப்போய் அதை நடுவில் வைத்துவிட்டு, அடுத்த ஆளை விடுவேன். நாற்காலி எங்கே நிற்கிறதோ, அந்த ஆள் அதைத்தான் பார்த்திருக்கிறார். பழக்கூடைப் படத்துக்கு முன்னால் நின்றால் காலையில் சாப்பிடாமல் வந்தவர். நாய்க்குட்டியோடு இருந்த துரைசாணி படத்துக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் பெண்கள். வெயில் விழுகிற ஜன்னலுக்குக் கீழே நின்றால் தூங்கியவர். அப்படி ஒருவர் கன்னத்தில் பிரம்புப் பின்னல் பதிந்திருக்க வெளியே வந்து, படங்கள் எல்லாம் அருமை என்று எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

அஞ்சலை வந்துபோனால் மட்டும் நாற்காலி ஒரு மூலையில் நிற்கும். அவள் ராகலைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கிறவள். எனக்கு அக்கா வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாமான் வாங்கிவிட்டு, பஸ் வருவதற்குள் இங்கே வருவாள். பையை என் காலடியில் வைத்துவிட்டு வரிசையில் நிற்பாள். வாரம் தவறாமல் வந்தாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்ட மூலையில் படமே இல்லை. வெறும் சுவர். முதுகைப் படங்களுக்குக் காட்டிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்ததும், அத்தனை படங்களுக்கும் சேர்த்து எனக்கு மனத்தாங்கலாகிவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு திங்கட்கிழமை நானே அங்கே உட்கார்ந்து பார்த்தேன். சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தது. பிறகு பண்டா பெரியவர் வந்து என்னை எழுப்பினார்.

அடுத்த வாரம் கேட்டேவிட்டேன். அவள் வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் எல்லாரும் ஒரே காம்பராவில் என்று அவள் வழியாகவே எனக்குத் தெரியும். மலையில் பேச்சு, வீட்டில் பேச்சு, பஸ்ஸில் பேச்சு. "அந்த மூலையில என்னாக்கா இருக்கு?" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வெட்கத்தோடு பையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமே இல்ல தம்பி. அதாங்க நல்லா இருக்கு."

முறைப்பாடு

கமிட்டித் துரைசாணி ஒருவருக்கு அறையில் வைத்திருந்த பூச்சாடிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்வாசலில் சனம் நிற்கிறது என்று பின்பக்கத்துக் கதவு வழியாக வந்துவிட்டார். எனக்குத் தெரியாது. அறைக்குள் ஒரு பொம்பிளை சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டதும் எழுந்து நின்று, "சும்மா இருக்கேங்க தொரசாணி" என்றாளாம். புத்தி சரியில்லாதவளோ, ஏதாவது சுகவீனமோ, தூணுக்குப் பின்னால் கூட்டாளி யாராவது ஒளிந்திருக்கிறாரோ என்று துரைசாணி பயந்து போனார். மறுநாள் காலையில் விஷயம் செக்ரட்டரி ஐயாவிடம் வந்துவிட்டது.

இவ்வளவு நாள் உடையாமல், கிழியாமல், கறை படாமல் காப்பாற்றி, கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருந்த ஒருத்தியால் மாட்டிக்கொண்டேன். ஐயா என்னைக் கச்சேரிக்கே கூப்பிட்டு அனுப்பினார். மேசையைச் சுற்றி மனுக்காரர்கள் நெருக்கித் தள்ள, அவர்களுக்கு மேலாகத் தலையை நீட்டித்தான் என்னிடம் பேசினார். அந்த அக்கா யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை, உட்கார்ந்திருந்தது ஒரு குற்றமா என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பயத்தில் வந்த கோபம் அது. ராத்திரி எங்கே படுப்பது என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. இன்னொரு மனுக்காரர் இடையில் புகுந்து பேசத் தொடங்கினார். ஐயா கையால் அவரைத் தடுத்துவிட்டு, காதுகள் சிவக்க என்னைப் பார்த்துச் சொன்னார். "படம் பாக்க வந்த ஆள் வெறுஞ்சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா, அதுக்கு நாங்கள் ஏன் காணும் கதவு திறக்கவேணும்? வாற ஞாயிறு நானே உள்ளுக்கை இருந்து ஒவ்வொரு ஆளாப் பாக்கிறன், பாத்திட்டுப் பூட்டிறன்."

அடுத்த ஆள்

சொன்னபடி வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, மலை எல்லாம் பனிமூட்டம். குடையை மடக்கி என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். அவருடைய சப்பாத்துச் சத்தம் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து அஞ்சலைதான் முதல் ஆள். போன வாரம் நடந்ததற்குப் பிறகு வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன், உண்மையைச் சொன்னால் வரக்கூடாதே என்று வேண்டியும் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. "ஐயா ஒருத்தர் உள்ள இருக்காரு, பரவாயில்ல போங்கக்கா, அந்த மூலைக்கு மட்டும் போகாதீங்க" என்றேன். அவள் நடைவரை போய், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். "உள்ள ஆள் இருக்காங்க தம்பி. அவரு பாத்துட்டு வரட்டும், நான் நிக்கிறேன்" என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அதற்குள் அந்தச் சனத்துக்கு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. எல்லார் தலையிலும் கம்பளி. ஒரு பேச்சு மூச்சு இல்லை.

ஐயா வரவே இல்லை. உள்ளே போய்க் கூப்பிட்டால் அதுவும் குற்றமாகுமோ என்று பயம். வரிசையைப் பார்த்தால் இதற்கே பூட்டிவிடுவாரோ என்று இன்னொரு பயம். கடைசியில் அவர் வந்தபோது மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிடுசிடுப்பு இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல இருந்தது. வரிசையைப் பார்த்துத் திடுக்கிட்டு, இதென்ன என்று கேட்டார். "ஐயா போட்ட சட்டந்தாங்க. உள்ள ஆள் இருந்தா இவங்க வரமாட்டாங்க" என்றேன். அவர் அந்த நனைந்த சனத்தைப் பார்த்தார். முன்னால் நின்ற அஞ்சலையைப் பார்த்தார். துரைசாணி சொன்ன பொம்பிளை இவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடமிருந்து குடையை வாங்கி, விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "சரி, சரி. அடுத்த ஆளை விடும்."

நாற்காலியைச் சரிசெய்ய உள்ளே ஓடினேன். அது நடுவில் இல்லை. பழக்கூடைக்கு முன்னால் இல்லை. மூலையில், வெறும் சுவரைப் பார்த்து நின்றது. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அதைத் தொடாமல் வெளியே வந்து, அஞ்சலையை உள்ளே அனுப்பினேன். அவள் தன் பாட்டுக்கு இருந்துவிட்டு வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்திலும் நின்று என்னைக் கேட்டாள். "நாக்காலிய நான்தான எப்பவும் இழுத்துப் போடுவேன், இன்னைக்கு எனக்கு முன்னாடியே அந்த ஐயாவா தம்பி அங்க ஒக்காந்தது?"

நான் அந்த வாசலில் நின்ற காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பூட்டப்படவே இல்லை, செக்ரட்டரி ஐயாவும் அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் தோட்டத்துச் சனத்தோடு வரிசையில் வந்து நின்றார், படம் பார்க்கத்தான் என்று நாமும் வைத்துக்கொள்வோம்.